மதினி எங்கிருந்து ஓய்வு பெற்றார்?

பொதுப் பயன்பாட்டில் இருக்கும் ஒரு கட்டடத்தை வேறு பணிக்காகக் காலி செய்வதென்றால், முதலில் அதைப் பயன்படுத்துகிறவர்களைக் கூப்பிட்டு அவர்கள் சொல்வதைக் கேட்க வேண்டும். பிறகு மாற்று இடம் பார்க்க வேண்டும். அந்த இடம் தயாராகி, அவர்கள் அங்கே போய் உட்கார்ந்த பிறகுதான் பழைய கட்டடத்துக்குப் பூட்டுப் போடலாம். விதி இதை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லவில்லை. உட்பிரிவுகளும் "தவிர"க்களும் "இருப்பினும்"களும் சேர்ந்து ஒரு முழுப் பக்கத்துக்கு நீள்கிறது. சாரம் இதுதான். எங்கள் வார்டில் இந்த வரிசை தலைகீழாக நடந்தது. முதலில் பூட்டு, அப்புறம் யோசனை.

நான் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் நிர்வாகப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். யாருக்கு எப்போது விடுப்பு உண்டு, எந்தக் காகிதம் எந்த மேசை வழியாகப் போக வேண்டும், எந்த மேசையில் அது தூங்கும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். மாற்றலில் கல்கத்தா வந்தேன். திரும்பிப் போக மனுப் போட்டேன். மனு பரிசீலனையில் இருக்கும்போதே ஓய்வு வயது வந்துவிட்டது. அந்த மனு இன்னும் எங்காவது பரிசீலனையில் இருக்கலாம். எங்கள் பாடாவில், அதாவது தெருவும் அக்கம்பக்கமும் சேர்ந்த வட்டாரத்தில், பையன்கள் எனக்கு "நியோம் காக்கு" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சட்டச் சித்தப்பா என்று சொல்லலாம். மரியாதையா கேலியா என்று நான் விசாரிக்கவில்லை.

அண்ணாச்சி எங்கள் கட்டடத்தில் கீழ்வீடு. திருநெல்வேலிக்காரர். இந்த ஊர் டல்ஹௌசி சதுக்கத்தில் ஒரு பழைய வெள்ளைக்காரக் கம்பெனியில் ஸ்டெனோவாக இருந்தார். கம்பெனி மூடியபோது அவருக்குக் கிடைத்தது ஒரு பாராட்டுப் பத்திரமும் மேசை மின்விசிறி ஒன்றும். மின்விசிறி இன்னும் ஓடுகிறது. நாற்பது வருஷம் இந்த ஊரில் இருந்தும் அவருடைய பெங்காலி கத்திரிக்காய் வாங்குகிற அளவுக்கு மேல் வளரவில்லை. ஆபீசில் ஆங்கிலம், வீட்டில் தமிழ், மார்க்கெட்டில் மதினி. அவருக்கு வேறு மொழி தேவைப்படவில்லை.

மதினி என்று நான் சொல்வது அவர் மனைவியை. இதே கல்கத்தாவின் பவானிபூரில் பிறந்தவர். ரயில்வே குமாஸ்தாவின் மகள். சின்ன வயதிலேயே தாயை இழந்தவர். அப்பா வேலைக்குப் போனதும் எதிர்வீட்டு வங்காளிக் குடும்பத்தின் அடுக்களையில்தான் வளர்ந்திருக்கிறார். தமிழ் அவருக்கு அப்பா வந்தபிறகு சாயங்காலம் பேசுகிற மொழி. பகல் முழுவதும் பெங்காலி. கல்யாணத்துக்குப் பிறகு அந்தச் சாயங்கால மொழியில்தான் ஒரு குடும்பத்தையே நடத்தினார். அண்ணாச்சி வீட்டுச் சொதி சாப்பிட்ட யாரும் அவரைப் பவானிபூர்க்காரி என்று நம்ப மாட்டார்கள்.

மறதி வந்தபோது முதலில் பெயர்கள் போயின. பிறகு கிழமைகள். அதற்கப்புறம் தமிழ் போயிற்று. ஒரே நாளில் இல்லை. ஒரு வாக்கியத்தின் பாதியில் நின்று, மீதியைப் பெங்காலியில் முடிப்பார். பிறகு ஆரம்பமும் பெங்காலி ஆயிற்று. ஒரு நாள் காலை அண்ணாச்சி என் வீட்டுக் கதவைத் தட்டினார். கையில் ஒரு பள்ளிக்கூட நோட்டும் பேனாவும் இருந்தன.

"சார், ஒரு உதவி. எனக்குப் பெங்காலி சொல்லிக் குடுக்கணும்."

"இப்ப எதுக்கு அண்ணாச்சி? பரீட்சை எழுதப் போறீங்களா?"

"என்னைப் பாத்து 'ஆப்னி கே'ன்னு கேக்கா சார். நீங்க யாருன்னு. அது மட்டும் புரியுது. நான் யாருன்னு பதில் சொல்லத் தெரியல. என் பொண்டாட்டிகிட்ட நாலு வார்த்த பேசணும்."

நான் இலாகா மொழித் தேர்வு எழுதிப் பெங்காலி கற்றவன். என் இலக்கணம் சுத்தம். பேச்சு, கோப்பில் எழுதிய குறிப்பு மாதிரி இருக்கும். அதைத்தான் அவருக்குச் சொல்லிக் கொடுத்தேன். "ஆமி தொமார் ஷாமி" என்று அவர் மனைவி முன்னால் நின்று மனப்பாடம் ஒப்பித்தார். நான் உன் கணவன். மதினி அவரை மேலும் கீழும் பார்த்து, முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு, எழுந்து உள்ளே போய்விட்டார். தெரியாத ஆண்பிள்ளை வந்து இப்படிச் சொன்னால் எந்தக் குடும்பப்பெண்தான் உட்கார்ந்திருப்பாள்?

இந்த நிலையில்தான் வார்டின் முதியோர் மையம் அவர்களுக்குக் கிடைத்தது. வார்டு ஆபீஸின் பழைய கட்டடத்தில் தரைத்தளத்தில் இரண்டு அறைகள். காரை பெயர்ந்த சுவர், ஒரு கேரம் பலகை, செய்தித்தாள், மதியம் டீயும் பொரியும். "ஓய்வு பெற்றோர் பகல்நேர மையம்" என்று வெளியே பலகை. பகலில் நாலு மணி நேரம் திறந்திருக்கும். அதைப் பார்த்துக்கொண்ட பெண்ணை எல்லோரும் தீதி என்றோம், அக்கா என்று. எங்களைவிட வயதில் சின்னவள்தான்.

முதல் நாள் அண்ணாச்சி மதினியைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். உள்ளே நான்கைந்து வங்காளிப் பாட்டிமார் பச்சைப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார்கள். மதினி அவர்களைப் பார்த்தார். நேரே போய்த் தரையில் உட்கார்ந்து, யாரும் சொல்லாமலே ஒரு கை பட்டாணியை அள்ளி உரிக்க ஆரம்பித்தார். கொஞ்ச நேரத்தில் பேச்சு. பிறகு சிரிப்பு. கேரம் ஆடுகிறவர்களைப் பார்த்து, வேலை வெட்டி இல்லாத கிழங்கள் என்று ஒரு வசவு. அவர்கள் அதற்குக் கைதட்டினார்கள். அண்ணாச்சி வாசல் பெஞ்சில் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதார். நான் செய்தித்தாளைப் பெரிதாக விரித்துக்கொண்டேன்.

அதற்கப்புறம் தினமும் வந்தார்கள். மதினி உள்ளே இருக்கும் நேரத்தில் அண்ணாச்சி முகச்சவரம் செய்துகொள்வார், மருந்து வாங்குவார், வீட்டுக்குப் போய் ஒரு தூக்கம் போடுவார்.

"அந்த நாலு மணி நேரந்தான் சார் நான் மனுஷன். மத்த நேரம் வாட்ச்மேன்" என்பார்.

மையம் ஓய்வு பெற்றவர்களுக்கானது. மதினி எந்த வேலையிலிருந்தும் ஓய்வு பெறவில்லை. அண்ணாச்சிதான் உறுப்பினர், மதினி கூட வருகிறவர். அதை யாரும் கேட்கவில்லை. தீதி இப்படிப்பட்ட கேள்விகளைக் கேட்கிற ஜாதி இல்லை. நான் அந்த ஜாதிதான். அதனால் அது என் கண்ணில் பட்டது. வாயைத் திறக்கவில்லை.

ஒரு நாள் வார்டு கமிட்டிக் கூட்டத்துக்கு அறிவிப்பு ஒட்டினார்கள். இரண்டு பொருள்கள். ஒன்று, ஓய்வு பெற்றோர் பாதுகாப்பு. இரண்டு, மாவட்ட வளர்ச்சித் திட்டத்தின் கீழ் வார்டில் எடுக்க வேண்டிய பணிகள். இடம், அதே கட்டடத்தின் மேல்மாடி. லிப்ட் கிடையாது. முதியோர் பாதுகாப்பைப் பற்றிப் பேச முதியோரை மாடி ஏறச் சொன்ன அந்தச் சிந்தனைக்கு நான் இன்றும் தலை வணங்குகிறேன்.

அன்று மையத்துக்கு விடுமுறை. அண்ணாச்சிக்கு மதினியை விட்டுவிட்டு வர இடமில்லை, கூடவே கூட்டிக்கொண்டு வந்தார். படிக்கட்டில் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் இன்னும் சில கிழங்கள் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றன. நான் முன்னால் போய்விட்டேன், யாராவது கூட்டத்தை நிறுத்தி வைக்க வேண்டுமே. உள்ளே நுழைந்தபோது முதல் பொருள் பாதி முடிந்திருந்தது.

கவுன்சிலர் இளைஞர். நல்ல பையன், வழியில் பார்த்தால் குனிந்து காலைத் தொடுவான். நான் எழுந்து, சம்பந்தப்பட்டவர்கள் இன்னும் படிக்கட்டில் இருக்கிறார்கள், அவர்கள் வரும்வரை முதல் பொருளைத் தள்ளிவைத்து இரண்டாவதை எடுக்கலாம், தலைவருக்கு அந்த அதிகாரம் உண்டு என்றேன்.

"காக்கு, போஷுன், போஷுன்" என்றார் கவுன்சிலர். உட்காருங்கள், உட்காருங்கள். "முதல் பொருள் ரொம்ப நல்லபடியாப் போயிட்டிருக்கு. யாருக்கும் ஆட்சேபணை இல்லை."

"ஆட்சேபிக்கிறவங்க படியில இருக்காங்க" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் சொல்வதற்கு இங்கே எப்போதும் சிரிப்பு உண்டு. முதல் பொருள் நிறைவேறியது. இனி ஒவ்வொரு வருஷமும் வார்டின் மூத்த குடிமக்களுக்குப் பூங்கொத்தும் சால்வையும் கொடுத்துக் கௌரவிப்பது என்று தீர்மானம். பாதுகாப்பு என்பது அவ்வளவுதான். இந்த ஊர் ஈரத்தில் சால்வை எத்தனை மாதம் வேண்டும் என்று நான் கேட்கவில்லை.

அண்ணாச்சியும் மதினியும் மூச்சு வாங்க உள்ளே வந்து உட்கார்ந்தபோது இரண்டாவது பொருள் நடந்தது. வடிகால், தெருவிளக்கு, அப்புறம் இந்தப் பழைய கட்டடம். இதை இடித்துவிட்டுப் புது சமுதாயக் கூடம். கல்யாணம், காதுகுத்து, ரத்ததான முகாம் எல்லாவற்றுக்கும் ஒரே கூரை. முதியோர் மையம் புதுக் கட்டடத்தில் "உரிய முறையில்" இடம்பெறும். எந்த மாடியில் என்று கேட்டேன். மூன்றாவது என்றார்கள். அதுவரைக்கும்? அதுவரைக்கும் பரிசீலிக்கப்படும்.

அண்ணாச்சிக்கு வங்காளிப் பேச்சு முழுதும் புரியவில்லை. என் கையைத் தொட்டு, "என்ன சார் சொல்லுதான்?" என்றார். சொன்னேன். அவர் எழுந்து நின்றுவிட்டார். என் உதவி இல்லாமல், தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், கம்பெனிக்காரர்களிடம் பேசுகிற அந்தப் பழைய பணிவோடு, தன் மனைவிக்கு இந்த அறைகளைத் தவிரப் பேச்சுக்கு இடமில்லை என்று சொன்னார். கீழே ஒரு சின்ன அறை எங்கேயாவது கொடுத்தால் போதும், மாடி வேண்டாம்.

கவுன்சிலர் பக்கத்திலிருந்த ஒருவர் காகிதத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார். அவர் கேட்டதில் கெட்ட எண்ணம் இல்லை. "மாஷிமா எங்கேருந்து ரிட்டையர் ஆனாங்க?"

மாஷிமா என்றால் பெரியம்மா. அறையில் ஒரு சிரிப்பு எழும்பி அடங்கியது. அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். எனக்கு அந்தக் கேள்வி முறையானது என்று தெரியும்.

தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று மதினிக்கு ஏதோ தட்டுப்பட்டிருக்க வேண்டும். நிமிர்ந்து கவுன்சிலரைப் பார்த்தார். பகலெல்லாம் வெயிலில் அலைந்துவிட்டு வந்த பிள்ளையைப் பார்ப்பதுபோல.

"போஷோ பாபா" என்றார். "பாத் கெயே ஜாபே."

உட்காரப்பா, சோறு தின்னுட்டுப் போகலாம்.

இந்த முறை சிரிப்பு வேறுமாதிரி இருந்தது. கவுன்சிலர் எழுந்து கைகூப்பி, "காபோ மாஷிமா, நிச்சயம் காபோ" என்றார். சாப்பிடுகிறேன், நிச்சயம் சாப்பிடுகிறேன். அவர் கண்கூடக் கலங்கியிருந்தது. அந்தக் கலக்கத்திலேயே இரண்டாவது பொருளும் ஒருமனதாக நிறைவேறியது.

படி இறங்கும்போது பாடா கிளப்பின் செயலாளர், மீசைக்கார மனிதர், எங்கள் அருகில் வந்து அண்ணாச்சியைப் பெரியப்பா முறை வைத்துக் கூப்பிட்டார். வார்டில் எது நடக்க வேண்டுமானாலும் கிளப்பின் கேரம் மேசையைச் சுற்றித்தான் நடக்கும். எனக்கு அது தெரியும், எல்லோருக்கும் தெரியும்.

"மேஷோமஷாய், சாயங்காலம் ஒருதடவை கிளப்புக்கு வாங்களேன். மாஷிமாவையும் கூட்டிட்டு வாங்க. கவுன்சிலர் தாதா அங்கே வருவார். டீ குடிச்சிட்டே பேசிக்கலாம். பின்பக்கம் எங்க ரூம் ஒண்ணு சும்மாத்தான் கிடக்கு."

நான் மொழிபெயர்த்தேன். அண்ணாச்சி யோசித்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"வேண்டாம் சார். சார் எழுதுங்க. வாய்ல கேட்டு வாங்குனது வாய்லயே போயிரும். கிளப்காரன் இன்னைக்கு ரூம் தருவான், நாளைக்குச் சரஸ்வதி பூஜைன்னு எந்திரிக்கச் சொல்லுவான். எழுத்துல வந்தா யாரும் எந்திரிக்கச் சொல்ல முடியாது."

எனக்கு அது முற்றிலும் சரியாகப் பட்டது. வாயால் கேட்டு வாங்குவதுதான் இத்தனை வருஷம் இந்த ஊரில் இருந்தும் எங்களால் கற்றுக்கொள்ள முடியாத பாடம். நான் மாற்றல் உத்தரவில் வந்தவன், அவர் நியமன உத்தரவில் வந்தவர். எங்களுக்கு வீடு, பள்ளிக்கூடம், கேஸ் இணைப்பு எல்லாம் காகிதத்தில் வந்தன. டீ குடித்துக்கொண்டே பேசி எதையும் வாங்கியதில்லை. அது பிச்சை என்று எங்களுக்குள் ஒரு எண்ணம். உள்ளூர்க்காரர்கள் அதைப் பிச்சை என்று நினைக்கவில்லை; பழக்கம் என்று நினைத்தார்கள்.

மறுநாள் மனு எழுதினோம். நான் சொல்லச் சொல்ல அண்ணாச்சி சுருக்கெழுத்தில் எடுத்தார். என் இலாகாவில் எனக்கு ஸ்டெனோ கிடைத்ததில்லை, அந்தத் தகுதிக்கு ஒரு படி கீழேயே ஓய்வு பெற்றேன். பென்சில் அவர் விரலில் ஓடியதைப் பார்க்க வேண்டும். நான் ஒரு வாக்கியத்தை முடிக்குமுன் அவர் முடித்துவிட்டு அடுத்ததற்காகக் காத்திருந்தார். "சார், 'ஹியரின்பிஃபோர்' போட்டா கொஞ்சம் கம்பீரமா இருக்கும்" என்றார். போட்டோம். பல மாதங்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவர் முகத்தில் ஒரு மனிதன் வேலைசெய்யும்போது வருகிற வெளிச்சத்தைப் பார்த்தேன். மதினி ஜன்னலோரம் உட்கார்ந்து, இல்லாத பட்டாணியை உரித்துக்கொண்டிருந்தார்.

என் மனைவி டீ வைத்துவிட்டு, மேசையில் கிடந்த நகலைப் படித்துப் பார்த்தாள்.

"இதைப் படிச்சு முடிக்கிறதுக்குள்ள அந்த ஆபீசருக்கே ரிட்டையர்மென்ட் வந்துரும். பாவம் அந்த அம்மா. அந்தக் கிளப்காரர் ரூமைப் போய்ப் பாத்துட்டு வந்தா என்ன?"

"உனக்கு முறை தெரியாது" என்றேன்.

"ஆமா, நானும் எங்கேருந்தும் ரிட்டையர் ஆகலையே" என்றாள்.

மனு வார்டு ஆபீஸ் வழியாக மேல் அலுவலகத்துக்குப் போனது. நகல் எனக்கு, இன்னொரு நகல் கோப்புக்கு. பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கினேன். முத்திரை விழுந்த நகலை அண்ணாச்சி சாமி படத்தடியில் வைத்தார்.

அதற்குள் மையத்துக்குப் பூட்டுப் போட்டாயிற்று. தீதியை வேறு வார்டுக்கு மாற்றினார்கள். மதினிக்கு அது எப்படித் தெரியும்? தினமும் அதே நேரத்துக்குப் புடவை மாற்றிக்கொண்டு புறப்படுவார். அண்ணாச்சியும் கூடப் போவார், போகாவிட்டால் ரகளை. மதினி பூட்டிய கதவைத் தட்டிக் கூப்பிடுவார். திறங்கள், நான் வந்திருக்கிறேன். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, அவர்கள் எல்லாம் எங்கேயோ போயிருக்கிறார்கள் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு திரும்புவார். பிறகு கதவே இல்லை. வங்காளக் கிராமப்புறமான மால்டா பக்கத்திலிருந்து வந்த கூலியாட்கள் சுவரை இடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மத்தியானம் மதினியைக் காணோம் என்று தேடிப்போனால், செங்கல் குவியலின்மேல் அந்தக் கூலிப்பெண்களோடு உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்தார். கால் பூராவும் சுண்ணாம்பு. சிரித்துக்கொண்டிருந்தார். அண்ணாச்சி அவரை எழுப்பவில்லை. வெயிலில் குடையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றார்.

நான் நினைவூட்டுக் கடிதம் அனுப்பினேன். பிறகு நேரில் போனேன். மேல் அலுவலகத்தின் குமாஸ்தா மரியாதையாக நாற்காலி போட்டார். கோப்பு ஒரு கேள்வியோடு நிற்கிறது என்றார். மையம் ஓய்வு பெற்றவர்களுக்கு. மனுதாரர் ஓய்வு பெற்றவர். அவருக்கு நேரடியாக எந்தச் சிரமமும் இல்லை. சிரமப்படுகிறவர் ஓய்வு பெற்றவர் இல்லை. அப்படியானால் மாற்று இடம் யாருக்காக?

அவர் நாற்காலியில் நான் இருந்திருந்தால் அதே கேள்வியைத்தான் எழுதியிருப்பேன். இன்னும் அழகான கையெழுத்தில் எழுதியிருப்பேன். எழுந்து வந்தேன். மெட்ரோவில் நிற்கும்போது, ஒரு பெண் நாற்பது வருஷம் சமைத்ததற்கு நியமன உத்தரவு எங்கே, பணி விடுவிப்பு உத்தரவு எங்கே என்று எனக்குள் ஒரு கோப்பு திறந்துகொண்டே இருந்தது. வீட்டுக்கு வந்து, சார்ந்திருக்கும் மனைவியும் மனுதாரரின் நலனில் அடக்கம் என்று விதியை மேற்கோள் காட்டி ஒரு விளக்கம் எழுதினேன். நல்ல விளக்கம். அதுவும் போயிற்று.

மழைக்காலம் வந்தது. ஒரு காலை அண்ணாச்சி தண்ணீர் பிடிக்கும்போது குளியலறையில் தலைசுற்றி விழுந்தார். அடி பெரிதில்லை. ஆனால் நெடுநேரம் எழ முடியவில்லை. மதினி பக்கத்தில் நின்று, யாரோ ஒரு பெரியவர் விழுந்து கிடக்கிறார், யாராவது வாருங்களேன் என்று பெங்காலியில் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். மேலே என் மனைவி காதில்தான் அது விழுந்தது.

ஓசூரிலிருந்து அண்ணாச்சியின் மகள் பறந்து வந்தாள். வேலைக்குப் போகிறவள், கெட்டிக்காரி. இரண்டு நாளில் முடிவெடுத்தாள்.

"அப்பா, உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா அம்மாவை யாரு பாப்பா? கெளம்புங்க. ரெண்டு பேரும் என்கூட."

"ரிப்ளை வரட்டும்மா. சார் எழுதியிருக்கார். அங்க உங்கம்மாகூட யாரு பேசுவா? உனக்கே பெங்காலி பாதி மறந்து போச்சு. உன் வீட்டுக்காரருக்குச் சுத்தமாத் தெரியாது."

"ரிப்ளை, ரிப்ளை! ரிப்ளையா வந்து உங்களைத் தூக்கிவிடும்?" என் பக்கம் திரும்பினாள். "அங்கிள், நீங்க சொல்லுங்க. எப்ப வரும்?"

"விதிப்படி பாத்தா போன மாசமே வந்திருக்கணும்."

"விதியைக் கேக்கல அங்கிள்" என்றாள். கோபத்தில் சொல்லவில்லை.

விமான நிலையத்துக்கு டாக்சியில் நானும் போனேன். முன்னிருக்கையில் நான், பின்னால் மூன்று பேர். மதினி ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே வந்தார். எங்கே போகிறோம் என்று கேட்டார். மகள் வாயைத் திறப்பதற்குள் அண்ணாச்சி பதில் சொன்னார். நான் சொல்லிக்கொடுத்த பாடத்திலிருந்து, உச்சரிப்பு ஒவ்வொன்றையும் கவனமாக எடுத்து வைத்து:

"பாடி ஜாச்சி."

வீட்டுக்குப் போகிறோம்.

மதினி அவரைப் பார்த்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு அண்ணாச்சி சொன்னது அவருக்குப் புரிந்திருந்தது. ஒரு சின்னக் குழந்தையைத் திருத்துகிற குரலில், "பாடி தோ எதிகே நா" என்றார். வீடு இந்தப் பக்கம் இல்லையே.

டிரைவர் கண்ணாடியில் ஒருமுறை பின்னால் பார்த்தார்.

அண்ணாச்சி வாரம் ஒருமுறை போன் செய்வார். முதல் போன் நல்ல செய்தி.

"சார், இங்க பக்கத்துல பெரிய அப்பார்ட்மென்ட் கட்டுதான். வேலை பாக்கிறவன் பூரா நம்ம மால்டாக்காரன் சார்! சாயங்காலம் காம்பவுண்டுச் சுவத்துக்கிட்ட இவளைக் கொண்டுபோய் நிறுத்தினா, அந்தப் பொம்பளப் பிள்ளைக அந்தப் பக்கம் நின்னு பேசுது. மாஷிமா, மாஷிமான்னு ஒரே உபசாரம். என் மருமகன் மூக்கைச் சுளிக்கான். சுளிக்கட்டும்."

எங்கள் வார்டில் இடித்தவர்களும் அங்கே கட்டுகிறவர்களும் ஒரே ஊர்க்காரர்கள். மாவட்ட வளர்ச்சி என்பதை நான் அதுவரை அந்தக் கோணத்தில் பார்த்ததில்லை. ஒவ்வொரு போனின் முடிவிலும் அவர் அதே கேள்வியைக் கேட்பார், கொஞ்சம் தயங்கி: "ரிப்ளை ஏதும் வந்துச்சா சார்?" வந்தால் திரும்பி வரலாம் என்று மகளிடம் ஒரு வாக்கு வாங்கி வைத்திருந்தார். கீழ்வீட்டுக்கு வாடகையும் அனுப்பிக்கொண்டிருந்தார். நான் இன்னும் இல்லை என்பேன்.

துர்கா பூஜை நெருங்கியபோது வந்த போனில் சத்தம் குறைந்திருந்தது.

"கட்டடம் முடிஞ்சிருச்சு சார். பெயின்ட் அடிச்சு, பூத்தொட்டி எல்லாம் வச்சுட்டான். பிள்ளைக பூரா வேற ஊருக்குப் போயிட்டு. இவ சாயங்காலம் ஆனா அந்தச் சுவத்துக்கிட்டப் போய் நின்னு கூப்பிடுதா. அந்தப் பக்கம் நாயோட நடக்கிற ஆளுங்க திரும்பிப் பாத்துட்டுப் போறாங்க. நாலஞ்சு நாளாக் கூப்பிடுறதையும் விட்டுட்டா. இப்ப ஒண்ணுமே பேசுறதில்ல சார். எதுலயும். நேத்து கீழ்வீட்டைக் காலி பண்ணிறலாம்னு சொல்லிட்டேன். நானாத்தான் சொன்னேன். திரும்பி வந்து மட்டும் யார்கூடப் பேசப் போறா?"

அன்றைக்கு அவர் ரிப்ளை வந்ததா என்று கேட்கவில்லை.

இந்த ஊர் அலுவலகங்களில் ஒரு வழக்கம் உண்டு. பஞ்சமியன்று பூஜை விடுமுறைக்குக் கதவை மூடுவதற்குமுன் மேசையைக் காலி செய்வார்கள். வருஷம் முழுவதும் நகராத கோப்புகள் அந்த வாரத்தில் ஓடும். அப்படி ஓடிவந்தது எங்களுடையது. பியூன் கொண்டுவந்து கொடுத்தபோது நான் ஜன்னலோரம் இருந்தேன். பாதி எழும்பிய சமுதாயக் கூடத்தின் முன்னால் பந்தலுக்கு மூங்கில் கட்டி முடித்து, டாக் மேளக்காரர்கள் வந்து இறங்கியிருந்தார்கள். உறையைக் கத்திரியால் நறுக்கிப் படித்தேன். வார்டு ஆபீஸின் கீழ்த்தளத்தில் ஓர் அறை மாற்று இடமாக ஒதுக்கப்படுகிறது. தீதி அங்கே மீண்டும் நியமிக்கப்படுகிறாள். மனுதாரரின் மனைவி, ஓய்வு பெற்றவர் அல்லவாயினும், தனி நேர்வாகக் கருதி, முன்னுதாரணமாகக் கொள்ளக்கூடாது என்ற நிபந்தனைக்கு உட்பட்டு, மையத்தைத் தன் சொந்த உரிமையில் பயன்படுத்த அனுமதிக்கப்படுகிறார். நாங்கள் கேட்டது எதுவும் விடுபடவில்லை. ஒரு காற்புள்ளி பிசகவில்லை. என் சர்வீஸில் இவ்வளவு நேர்த்தியான பதிலை நான் எழுதியதும் இல்லை, வாங்கியதும் இல்லை.

பியூன் கையெழுத்துக்குப் புத்தகத்தை நீட்டினான். போட்டேன். "தேதி, காக்கு" என்றான். கீழ்வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. ஆட்கள் கட்டிலையும் அந்த மேசை மின்விசிறியையும் வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். எத்தனையோ ஆயிரம் காகிதங்களில் தேதி போட்ட கை, அன்றைய தேதி நினைவுக்கு வராமல் நின்றது. அவனே சொன்னான். அன்று பஞ்சமி.